பில்டர் புரட்டு

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதி, அத்துடன் ஒரு சிறு பொட்டலத்தையும் அனுப்பியிருக்கிறார். பொட்டலத்தில் விரல் நீளங்கூட இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனையில் சிகரெட்டைச் செருகி, மறு முனையை வாயில் வைத்து இழுக்க வேண்டுமாம். அப்படி இழுத்தால் புகையிலுள்ள நஞ்செல்லாம் குழாயிலேயே தங்கிவிடும் என்றும், சுத்தமான புகை மட்டுமே நெஞ்சுக்குள் போகும் என்றும் கூட வந்த துண்டுக் காகிதம் சொல்லுகிறது. தோழர் கொத்தனார் வேலை செய்பவர். இருபது வருஷமாகப் புகை பிடிப்பவர். ஆறு மாதமாக அவருக்கு இருமல். அவருடைய துணைவியார் சன்னதித் தெருவில் பூக்கட்டி விற்பவர். புகையை விட்டுவிடும்படி சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அந்த அம்மையார், பூ விற்ற காசில் மிச்சம் பிடித்து, இந்தக் குழாயில் பத்து கொண்ட ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதை மாட்டினால் போதும் என்கிறார்களே, இது நிஜந்தானா என்பது தோழரின் கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தும் எழுதியிருக்கிறார். முன்பு நாளொன்றுக்குப் பத்து சிகரெட் பிடித்தவர், குழாய் வந்த பிறகு பதினாலு பிடிக்கிறாராம். "இப்போது பயமில்லை" என்பது அவர் கூறும் காரணம்.

அந்த ஓரத்து வரியில்தான் முழுச் சங்கதியும் அடங்கியிருக்கிறது. ஆனாலும், ஒன்றைப் புரட்டு என்று சொல்லுவதற்கு முன்பு அதிலுள்ள நிஜத்தை ஒப்புக்கொண்டு பேசுவதே யோக்கியமானதாகும். ஆகையால் முதலில் குழாயின் பக்கமே நின்று பேசுவோம்.

குழாய்க்குள்ளே ஒரு ஊசித் துவாரம் இருக்கிறது. புகை அதன் வழியாகப் போகும்போது வேகம் பெற்று, எதிரிலுள்ள சுவரில் மோதுகிறது. மோதும்போது புகையில் துளித்துளியாக இருக்கும் தார் என்னும் பிசினில் ஒரு பகுதி சுவரிலே ஒட்டிக் கொள்ளுகிறது. நாலு சிகரெட் ஆனதும் குழாய் கருமஞ்சளாகிவிடுகிறது. இது கண்கட்டு வித்தையல்ல. பிடிபட்டது நிஜமான தார்தான். அதைப் பார்த்தவுடன் புகை பிடிப்பவர், "அடேயப்பா, இவ்வளவும் என் நெஞ்சுக்குள் போயிருக்குமே!" என்று ஆச்சரியப்பட்டு, குழாயைக் கண்டுபிடித்தவரை வாழ்த்திவிட்டு, அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்கிறார்.

நமது கிராமங்களில் செய்வினை எடுக்கிறவன் என்று ஒருவன் வருவதுண்டு. வீட்டில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால், யாரோ தகடு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, முற்றத்தைத் தோண்டி, ஒரு செப்புத் தகட்டையும் நாலு ஆணியையும் எடுத்துக் காட்டி, கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவான். தகட்டைக் கண்ணால் பார்த்துவிட்டபடியால் வீட்டார் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். வயிற்றுவலி மாத்திரம் போகாது. குழாய்க்காரருக்கும் இந்தத் தகட்டுக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், தகட்டுக்காரன் தகட்டைத் தன் மடியில் கொண்டுவருகிறான், குழாய்க்காரர் நம் சிகரெட்டிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார். ஆனால் இருவரும் வெளியே எடுத்ததைக் காட்டுகிறார்களே ஒழிய, உள்ளே இருப்பதைக் காட்டுகிறதில்லை. குழாயில் நின்றது இவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறது. குழாயைத் தாண்டி நுரையீரலுக்குப் போனது எவ்வளவு என்று தெரிவதற்கு நெஞ்சில் ஜன்னல் இல்லை.

இந்த நிறம் மாறும் சங்கதியை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. 1953-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆர்.ஜே.ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனியில் ரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கிளாட் டீக் என்பவர், புகை பட்டவுடன் நிறம் மாறும்படியான ஒரு பில்டரைச் செய்யலாம் என்று தன் கம்பெனிக்கு ஒரு குறிப்பு எழுதினார். நிறம் மாறுவதால் பில்டர் கூடுதலாக ஒன்றையும் வடிகட்டிவிடாது, ஆனால் விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் அது பெரிய அனுகூலமாயிருக்கும் என்பது அக்குறிப்பின் சாரம். அது பின்னாளில் வழக்குகளின் மூலம் வெளியே வந்த கம்பெனிக் காகிதங்களில் அகப்பட்டது. கடையில் விற்கும் சிகரெட்டின் அடியிலுள்ள வெள்ளைப் பஞ்சு, பிடித்து முடிந்ததும் பழுப்பாக மாறுவதைப் பார்த்துத் திருப்தி அடைகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

நிற்க. பில்டரால் ஏன் முடியாது என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள ரசாயனப் படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. மனிதன் சிகரெட்டை எதற்காகப் பிடிக்கிறான்? தாருக்காக அல்ல, நிகோடினுக்காகப் பிடிக்கிறான். மூளையைப் பழக்கி அடிமைப்படுத்தி, ஒரு மணி நேரத்துக்கொரு முறை "எடு, எடு" என்று நச்சரிக்கச் செய்வது அதுதான். அந்த நிகோடின் நெஞ்சுக்குள் போவது எப்படி? பெரும்பாலும் இந்தத் தார்த் துளிகளின் மேலேயே ஏறிக்கொண்டுதான் போகிறது. வண்டியைத் தடுத்துவிட்டு வண்டியில் வரும் ஆளை மாத்திரம் உள்ளே விடுவது எப்படி? தாரை முழுக்க நிறுத்துகிற பில்டர் நிகோடினையும் நிறுத்திவிடும். அப்படிப்பட்ட பில்டரை ஒருவன் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால், "இதில் என்ன இருக்கிறது, வெறுங் காற்று!" என்று தூர எறிந்துவிடுவான். ஆகையால் நன்றாக வேலை செய்கிற பில்டர் விற்காது. விற்கிற பில்டர் நன்றாக வேலை செய்யாததனாலேயே விற்கிறது. வியாபாரம் நடக்க வேண்டுமானால் நிகோடின் வேண்டிய அளவுக்கு உள்ளே போயாக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பிடிப்பவன் என்ன செய்வான்? இன்னும் பலமாக இழுப்பான், புகையை நெஞ்சில் அதிக நேரம் நிறுத்துவான், அதுவும் போதாவிட்டால் இன்னொன்று பற்றவைப்பான். பத்து பதினாலான கதை இதுவே. "பயமில்லை" என்பது பாதிக் காரணந்தான். மீதிப் பாதி, குழாயில் நின்றுபோன நிகோடினை அவருடைய உடம்பு வேறு வழியில் வசூல் செய்துகொள்ளுகிறது என்பதாகும்.

இன்னொன்று. புகையில் துளிகள் மாத்திரமல்ல, வாயுக்களும் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு என்பது அவற்றில் ஒன்று. அடைத்த அறையில் கரி அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கினவர்கள் காலையில் பிணமாகக் கிடந்தார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அவர்களைக் கொன்றது இந்த வாயுதான். இரத்தத்திலுள்ள சிவப்புச் சத்து, பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளுவதைப் போல இருநூறு மடங்கு பலமாக இதைப் பிடித்துக்கொள்ளும். பஞ்சும், காகிதமும், ஊசித் துவாரமும் துளியைப் பிடிக்கலாமே தவிர வாயுவைப் பிடிக்க முடியாது. மரக்கரி போட்ட பில்டர் சில வாயுக்களைக் குறைக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் இந்தக் கார்பன் மோனாக்சைடு அதற்கும் அடங்குவதில்லை. சல்லடையில் தவிடு நிற்கும், காற்று நிற்குமா?

சரி, அப்படியானால் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் தார் இவ்வளவு குறைவு, அவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்களே, அது எப்படி என்று சிலர் கேட்கலாம். அந்தக் கணக்கைப் போட்டது ஒரு யந்திரம். 1967-இல் அமெரிக்க சர்க்கார் ஏற்றுக்கொண்ட முறைப்படி, அந்த யந்திரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லி லிட்டர் புகையை இழுக்கும். அதற்குக் கவலையில்லை, சம்பளக் குறைவில்லை, மேஸ்திரியின் ஏச்சில்லை, நிகோடின் ஏக்கமுமில்லை. கம்பெனிகள் பில்டரைச் சுற்றிய காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு துவாரங்களைப் போட்டன. யந்திரம் இழுக்கும்போது அத்துவாரங்களின் வழியே வெளிக்காற்று புகுந்து புகையோடு கலந்து, கணக்கில் தார் குறைந்தது. மனிதன் பிடிக்கும்போதோ, அவனுடைய உதடும் விரலும் அதே துவாரங்களை மூடிக்கொண்டன. யந்திரத்துக்கு ஒரு சிகரெட், மனிதனுக்கு வேறொரு சிகரெட்! இப்படி விற்கப்பட்டவைதான் "லைட்" என்றும் "மைல்ட்" என்றும் பேர் பெற்றவை. ஐரோப்பியக் கூட்டமைப்பு 2003-இல் அந்தப் பேர்களைத் தடுத்தது. அமெரிக்காவில் 2006-ஆம் வருஷம் கிளாடிஸ் கெஸ்லர் என்ற நீதிபதி, இந்தப் பேர்களைக் கொண்டு கம்பெனிகள் ஜனங்களை ஏமாற்றின என்று விரிவான தீர்ப்பு எழுதினார். 2010-இல் அங்கேயும் அப்பேர்கள் ஒழிந்தன. அந்த யந்திரக் கணக்கையும் அமெரிக்க சர்க்கார் 2008-இலேயே கைகழுவிவிட்டது.

அது மட்டுமா? 2014-இல் வெளியான அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை, 1950-க்குப் பிறகு சிகரெட்டின் அமைப்பில் செய்த மாறுதல்களால், புகை பிடிப்பவர்களுக்கு அடினோகார்சினோமா என்னும் ஒருவகை நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் அதிகமாகியிருக்கிறது என்று கூறியது. துவாரம் போட்ட பில்டரே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. லேசாக இருக்கிறதென்று ஆழமாக இழுத்தால், முன்பு போகாத மூலைகளுக்கும் புகை போய்ச் சேராதா? காப்பாற்ற வந்ததாகச் சொன்னது, நோயின் இடத்தைத்தான் மாற்றியது.

இனி இந்தப் பில்டர் பிறந்த கதையைக் கேளுங்கள். பில்டரை முதலில் காகிதச் சுருளால் செய்து 1925-இல் காப்புரிமை வாங்கியவர் ஹங்கேரி தேசத்தைச் சேர்ந்த போரிஸ் ஐவாஸ் என்பவர். இருபத்தைந்து வருஷ காலம் அதை அவ்வளவாக யாரும் சீந்தவில்லை. 1950-ஆம் வருஷம் அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் என்ற இருவரும், இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவரும் நுரையீரல் புற்றுநோயாளிகளை விசாரித்து, புகை பிடிப்பதற்கும் அந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிட்டார்கள். ஜனங்கள் பயந்தார்கள். அதுவரை சிகரெட் விளம்பரங்களில் வெள்ளைக் கோட்டு மாட்டிய டாக்டர் படத்தைப் போட்டு வந்தவர்கள், இனி அது செல்லாது என்று கண்டுகொண்டு, பெட்டியில் கிடந்த பில்டரைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1950-இல் அமெரிக்காவில் விற்ற சிகரெட்டில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பில்டர் வைத்ததில்லை. 1960-இல் சுமார் பாதி பில்டர் வைத்ததாகிவிட்டது. நோயைப் பற்றிய உண்மை வெளிவந்த அதே பத்து வருஷத்தில் நடந்த சங்கதி இது. பயத்தால் கையை விடப் பார்த்த ஜனங்களைப் பிடித்துவைக்கக் கட்டிய கயிறே பில்டர்.

அந்தக் கயிற்றிலேயே பெரிய கயிறு ஒன்றைச் சொல்லுகிறோம். 1952-இல் லாரிலார்டு என்னும் கம்பெனி கென்ட் என்ற சிகரெட்டை வெளியிட்டது. சிகரெட்டின் சரித்திரத்திலேயே இதைப்போல் ஆரோக்கியத்தைக் காப்பது வேறில்லை என்று ஆரவாரமாக விளம்பரம் செய்தது. அதன் பில்டருக்கு மைக்ரோனைட் என்று ஒரு பேர். மைக்ரோனைட் என்றால் என்ன? தெய்வீக மூலிகையா? இல்லை. நீல ஆஸ்பெஸ்டாஸ்! கல்நார்! இன்றைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்கும்போதே மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லுகிறார்களே, அந்த ஜாதியிலேயே மிகக் கொடிய வகையைப் பஞ்சாகத் திரித்து, சிகரெட்டின் நுனியில் வைத்து, அதன் வழியாக மூச்சை இழுக்கச் சொன்னார்கள். 1956 வரை இது நடந்தது. பிடித்தவர்களின் கதி இருக்கட்டும், அந்தப் பில்டரைச் செய்த தொழிலாளிகளின் கதியைக் கேளுங்கள். மாசச்சூசெட்ஸ் மாகாணத்திலிருந்த தொழிற்சாலையில் 1953-இல் அந்த வேலை செய்த 33 பேரை வைத்தியர்கள் பின்தொடர்ந்து விசாரித்து 1989-இல் எழுதினார்கள். 33 பேரில் 28 பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்த வயதுள்ள சாதாரண ஜனங்களின் கணக்குப்படி 8 பேர் இறந்திருக்க வேண்டும். மற்ற இருபது பேரையும் பலி வாங்கியது எது? ஆரோக்கியத்தைக் காப்பது என்று விளம்பரம் செய்யப்பட்டது எதுவோ அதுவே. நமது தோழரின் கொத்து வேலையில் சிமெண்டுத் தூசியும் கல் தூசியும் எப்படி நெஞ்சில் இறங்கும் என்று அவருக்கே தெரியும். ஆகையால் இதைப் பற்றி நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் அந்நிய தேசத்துச் சங்கதி என்று தட்டிவிட வேண்டாம். நமது நாட்டிலும் வடிகட்டிப் புரட்டு பழையது. பீஜப்பூருக்குத் தூது போய்த் திரும்பிய அசத் பேக் என்பவர், அக்பர் பாதுஷாவின் கடைசிக் காலத்தில், நகை பதித்த குழாயோடு புகையிலையைக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்தார். பாதுஷா இரண்டொரு இழுப்பு இழுத்தார். அரண்மனை வைத்தியர் ஒருவர், "இது நமக்குத் தெரியாத வஸ்து, குணம் என்னவென்று பரீட்சித்தவர் யாருமில்லை, வேண்டாம்" என்று தடுத்தார். உலகத்தில் எல்லா வழக்கமும் ஒரு காலத்தில் புதிதாயிருந்ததுதானே என்று அசத் பேக் பதில் சொன்னாராம். அந்த வாதம் ஜயித்தது. வைத்தியர் தோற்றார், வியாபாரிகள் விற்க ஆரம்பித்தார்கள். 1617-இல் ஜஹாங்கீர் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. புகையைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் அதன் தோஷம் கழுவப்பட்டுவிடும் என்று அபுல் பதே கிலானி என்ற மொகலாய வைத்தியர் சொல்லி ஹூக்காவைச் செய்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியானாலும் நம்பிக்கை இன்றுவரை இருக்கிறது. தண்ணீரில் முழுகினால் பாவம் போகும் என்பதும், தண்ணீரில் முழுகினால் புகையின் நஞ்சு போகும் என்பதும் ஒரே புத்தியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் அல்லவா? உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதைப் பற்றி எழுதியது என்னவென்றால், ஒரு மணி நேரம் ஹூக்கா பிடிப்பவன் ஒரு சிகரெட்டின் புகையைப் போல 100 முதல் 200 மடங்கு புகையை உள்ளே இழுக்கக்கூடும் என்பதாகும். தண்ணீர் புகையைக் குளிரவைக்கிறது, குளிர்ந்தபடியால் அதிகமாக இழுக்க முடிகிறது. தண்ணீர் செய்யும் உபகாரம் இதுதான்!

அப்புறம் 1960-க்கு மேல் இம்பீரியல் புகையிலைக் கம்பெனி வில்ஸ் பில்டரைக் கொண்டுவந்தது. ஒரு ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு, இவர்கள் ஒருவருக்காக ஒருவர் பிறந்தவர்கள், அதுபோல இந்தப் புகையிலையும் இந்தப் பில்டரும் என்று நாடெங்கும் விளம்பரம் செய்தார்கள். நல்ல தம்பதிகள்! புகையிலைக்கும் பில்டருக்கும் கல்யாணம் செய்துவைத்தவர்கள், அந்தப் படத்திலிருந்த பெண்ணின் மூச்சுக்குள் எது போகிறது என்பதைச் சொல்லவில்லை.

நாம் சொல்லுகிறோம். பில்டர் இருப்பது எங்கே? வாய்ப் பக்கத்தில். நெருப்பு இருப்பது எங்கே? அடுத்த முனையில். இழுக்காத நேரமெல்லாம் அந்த நெருப்பு முனையிலிருந்து எழும்பும் புகை எந்தப் பில்டருக்குள்ளும் போகிறதில்லை. நேராக வீட்டுக்குள் போகிறது. ஒற்றை அறை வீட்டில், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும், அடுப்படியில் இருக்கும் தாயும் சுவாசிப்பது வடிகட்டாத புகைதான். இப்படிப் பிறர் விட்ட புகையினால் மாத்திரம் உலகத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. பூக்கட்டிய கையால் மிச்சம் பிடித்த காசில் குழாயை வாங்கினவர் அந்த அம்மையார். பத்து பதினாலான பிறகு அதிகப்படியான அந்த நாலு சிகரெட்டின் புகையில் தன் பங்கைச் சுவாசிப்பவரும் அவரே. காசு கொடுத்துத் தனக்குத் தானே நஞ்சு வாங்கும்படி ஒரு ஏழைப் பெண்ணைச் செய்துவிட்ட வியாபாரத்தை வேறு எந்தப் பேரால் அழைப்பது?

"எல்லாம் சரி, கொஞ்சமாவது குறையுமல்லவா? பாதி நஞ்சு குறைந்தால் பாதி ஆபத்து குறையாதா?" என்று ஒரு கேள்வி வரும். மளிகைக் கடைக் கணக்குக்கு இது சரி, உடம்புக் கணக்குக்குச் சரியல்ல. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் வெளியான ஒரு கணக்கில், நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவனுக்கு மாரடைப்பு வரக்கூடிய அதிகப்படி அபாயத்தில் ஏறக்குறையப் பாதி, நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவனுக்கும் இருக்கிறதென்று கண்டார்கள். இருபதில் ஒரு பங்கல்ல, பாதி! இருபதை ஒன்றாகக் குறைத்தாலே இருதயத்துக்கு இவ்வளவுதான் லாபம் என்றால், குழாய் மாட்டிக்கொண்டு பத்தைப் பதினாலாக்கினவருக்கு என்ன லாபம் இருக்க முடியும்?

பீடியே நல்லது, அதில் ரசாயனம் இல்லை, இலையும் தூளுந்தானே என்று சொல்லுகிற தோழர்களும் உண்டு. பீடியில் தூள் குறைவுதான். ஆனால் அடிக்கடி அணைந்துபோவதால் அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தாரிலும் கார்பன் மோனாக்சைடிலும் சிகரெட்டுக்கு அது இளைத்ததல்ல. பீடி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டுச் சாட்சியும் வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமி முதலானோர், சென்னை நகரத்திலும் விழுப்புரம் ஜில்லாக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களின் விவரத்தையும் வீடு வீடாகச் சேகரித்து, 2003-இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நகரத்தில் சிகரெட்டும், கிராமத்தில் பெரும்பாலும் பீடியும் பிடிப்பவர்கள். கண்டது என்ன? பிடிக்காதவனைக் காட்டிலும் பிடிப்பவன் காசநோயால் சாவது நாலு மடங்குக்கு மேல். இந்தியாவில் ஆண்கள் காசநோயால் சாகும் சாவில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையே காரணம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

புகை என்றால் புற்றுநோய், அது வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். நமது தோழருக்கு ஆறு மாதமாக இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எழுதிப் போட்டிருக்கிற விதி. பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். திருப்பரங்குன்றத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், தோப்பூரை அடுத்த ஆஸ்டின்பட்டியில், நெஞ்சு நோய்க்கென்றே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போகவேண்டிய கால்களைப் பெட்டிக்கடைக்குத் திருப்பிவிட்டது இந்தக் குழாய். குழாய் வடிகட்டியது தாரை அல்ல, பயத்தை. அந்த நியாயமான பயம் இருந்திருந்தால் ஐந்து மாதத்துக்கு முன்பே அவர் சளியைக் கொடுத்திருப்பார். தகட்டுக்காரனை நம்பி வயிற்றுவலியை வளர்த்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆகையால் தோழருக்கு நமது முதல் பதில், இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு ஆஸ்டின்பட்டிக்கு வண்டி ஏற வேண்டும் என்பதேயாகும்.

இரண்டாவது பதில், புகையை விட்டுவிடுவது. சொல்லுவது சுலபம் என்று அவர் நினைப்பார். சிரமந்தான், ஒப்புக்கொள்ளுகிறோம். நிகோடின் ஏக்கம் முதல் ஒன்றிரண்டு வாரம் படுத்தும். ஆனால் ஒவ்வொரு தடவை எழும் வேகமும் சில நிமிஷத்தில் அடங்கிவிடக் கூடியது. டீக்கடையில் நிற்பது, சாப்பாட்டுக்குப் பின் வெளித்திண்ணையில் உட்காருவது ஆகிய நேரங்களை மாற்றிக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்தது. தாங்க முடியாவிட்டால் நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதிலும் நிகோடின் தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் தாரும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. டாக்டரைக் கேட்டு உபயோகிக்கலாம். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசினால், விடுவதற்கு யோசனை சொல்ல மத்திய சர்க்கார் ஆள் வைத்திருக்கிறது. விட்டால் லாபம் என்ன என்பதையும் டால் என்பவரே சொல்லியிருக்கிறார். 1950-இல் முதல் கணக்கை எழுதிய அதே டால், இங்கிலாந்து டாக்டர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து 2004-இல் எழுதினார்: முப்பது வயதில் விட்டவனுக்குப் பத்து வருஷ ஆயுள் மிச்சம், நாற்பதில் விட்டவனுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டால்கூட மூன்று. எந்தக் குழாய் வியாபாரியாவது மூன்று வருஷம் தருவதாக எழுதிக் கொடுப்பானா?

சர்க்காரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. சிகரெட்டின் அடியிலிருக்கும் வெள்ளைப் பஞ்சு, பஞ்சே அல்ல. செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக் நூல். ஒரு பில்டரில் அப்படிப்பட்ட நூல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சீக்கிரத்தில் மக்காது. உலகத்தில் ஆண்டுக்கு நாலரை லட்சம் கோடி துண்டுகள் இப்படித் தெருவிலே எறியப்படுகின்றன. திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றும் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்தக் கணக்கில் நம் பங்கு கண்ணுக்குத் தெரியும். அவற்றைக் குனிந்து பொறுக்குபவர்கள் மதுரை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். 2022-ஆம் வருஷம் ஜூலை 1 முதல் மத்திய சர்க்கார் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றைத் தடுத்தது. அந்தப் பட்டியலில் சிகரெட் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய தாள் இருக்கிறது. பெட்டிக்குள்ளே ஒவ்வொரு சிகரெட்டிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பில்டர் அதில் இல்லை. மேலே சுற்றினது கெடுதல், வாயில் வைப்பது கெடுதலில்லை போலும்! ஆரோக்கியத்தைக் காக்கிறது என்று யாராவது இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாலொழிய, அதை விட்டுவைக்கக் காரணம் என்ன?

கடைசியாக, மாட்டும் குழாய் விற்பவர்களுக்கு நாம் மூன்று கேள்விகளை வைக்கிறோம். உங்கள் குழாய் கார்பன் மோனாக்சைடை எவ்வளவு நிறுத்துகிறது? அதை யந்திரத்தில் அல்லாமல், மனிதர் பிடித்து, அவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த வைத்தியசாலை எது? குழாய் மாட்டிக்கொண்டவர்களில் நோயோ சாவோ குறைந்தது என்பதற்கு உங்களிடமுள்ள கணக்கு எங்கே? யாராவது ஆதாரத்தோடு பதில் எழுதினால், ஒரு எழுத்தும் மாற்றாமல் இதே பக்கத்தில் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.